சான்ஸே இல்ல மாமா

செங்கல்பட்டில் எந்த டீக்கடைக்குப் போனாலும் இப்படி ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூடியில்லாத பேனா. எதைக் கேட்டாலும் ‘நூத்துக்கு நூறு’ என்பார், அல்லது ‘சான்ஸே இல்ல’ என்பார். இரண்டுக்கும் நடுவில் தொண்ணூற்றொன்பது எண்கள் சும்மா கிடப்பது அவர் கவனத்துக்கு வந்ததே இல்லை.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு மாமல்லபுரம் சுற்றிக் காட்டுவது அவர் பொறுப்பு. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ள, மாமா மட்டும் பத்தடி தள்ளி நிற்பார். “ஆயிரம் வருஷத்துக்கு மேல விழல. அப்படின்னா விழற நேரம் நெருங்கிடுச்சின்னு அர்த்தம்.” சுமார் 250 டன் பாறை. 1908-இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்று கைடுகள் கதை சொல்வார்கள். மாமாவுக்கு அதுவும் பாறைக்கு எதிரான சாட்சிதான்: “அன்னிக்கே லூஸ் ஆயிருக்கும்.”

இதைச் சொன்ன கையோடு ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஈசிஆரில் எண்பதில் பறப்பார். ஏன் மாமா என்றால், “முப்பது வருஷமா ஓட்டறேன். ஒரு தடவையாவது விழுந்திருப்பனா?” விழாத பாறை விழப்போகிறது, விழாத மாமா விழவே மாட்டார். இரண்டு சட்டமும் அவர் கைவசம் உண்டு. எந்த நேரத்தில் எதை எடுப்பார் என்பதைத்தான் யாராலும் கணிக்க முடியாது.

பங்காளி வீட்டில் மூன்றும் பெண்கள். நான்காவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தீர்ப்பு சொன்னார்: “இந்தத் தடவை பையன்தான். ஆண்டவன் கணக்கைச் சரி பண்ணாம விடமாட்டான்.” நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றார். மாமா அசரவில்லை. “சொன்னேன் இல்ல, அது பொண்ணு வம்சம்.” முந்தைய மூன்றும் என்ன என்று நான்காவது குழந்தை யாரிடமும் விசாரித்துக்கொண்டு வருவதில்லை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. ‘இனி சிவப்புதான்’ என்று பணத்தைக் கொட்டி ஓட்டாண்டியானவர்கள் எல்லாம் கோட்டுப் போட்ட நம் மாமாக்கள்.

புயல் விஷயத்தில்தான் அவர் உச்சம். நீலம் புயல் 2012 அக்டோபர் 31-இல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மாண்டஸ் 2022 டிசம்பர் 9 இரவு, அதே மாமல்லபுரம் அருகே. மாமா பேனாவை எடுத்து டீக்கடைச் செய்தித்தாளின் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். “பத்து வருஷத்துக்கு ஒண்ணு. இனிமே 2032 வரைக்கும் கூரையில கை வைக்க வேணாம்.” பத்தாண்டுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம், அது சராசரிதான். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால், பத்து ஆண்டும் புயலே வராமல் போகக்கூட 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அடுத்தடுத்த ஆண்டில் இரண்டு வந்தாலும் கேட்பாரில்லை. போதாததற்கு, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடக்கும் என்றார்கள்; புதுச்சேரி அருகே கடந்தது. புதுச்சேரி அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் மாமா வானிலை மையத்தைத் தோற்கடித்த மிதப்பில் ஒரு வாரம் திரிந்தார். கூரை இன்னும் ஒழுகுகிறது.

திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைப் பற்றி மட்டும் அவரைக் கிண்டல் செய்ய மனசு வராது. தினமும் உச்சி நேரத்தில் மலைமேல் வந்து அர்ச்சகர் கையால் சாப்பிட்டுப் போகும் அந்த ஜோடி நாளைக்கும் வரும் என்று ஊரே அடித்துச் சொன்னது. தொண்ணூறுகளோடு வரவு நின்றது. “இத்தனை வருஷம் வரலன்னா, இனிமே வர்ற சான்ஸ்தான் ஜாஸ்தி” என்கிறார் மாமா.

போன கல்யாணத்துக்கு வேனில் முப்பது பேர் போனோம். “இதுல யாராவது ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல பொறந்தநாள் இருக்கும், பந்தயமாப்பா?” என்றாள், கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் அவர் மகள். “365 நாள், முப்பது பேர். சான்ஸே இல்ல. தோத்தா எல்லாருக்கும் ஐஸ்கிரீம்!” 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதியைத் தாண்டும், முப்பதுக்கு 70 சதவீதம்; ஏனென்றால் முப்பது பேருக்குள் 435 ஜோடி. மாமா தன்னை மட்டும் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

பெரியவர்களில் மூன்று பேருக்கு மே 15. “அது ஸ்கூல்ல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டர் போட்ட தேதி, செல்லாது” என்றார் மாமா. அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் வழங்கியவர்கள்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். பின் சீட்டிலிருந்து இரண்டு பொடிசுகள் ஒரே குரலில் “அக்டோபர் 8” என்று கத்தின.

“இவங்களுக்கும் ஹெட்மாஸ்டர் போட்டதாப்பா?”

மாமா முப்பது கோன் வாங்கினார். காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டே மகளிடம், “இப்ப நான் தோத்தாச்சி இல்ல? அப்ப அடுத்த பந்தயம் எனக்குத்தான் விழும், எழுதி வெச்சிக்கோ” என்றார்.