முக்காலிக்கு மறுவாழ்வு அளிப்பவர்

பழைய மர ஸ்டூலை வாங்கி வந்து, தேய்த்து, வண்ணம் பூசி, மேலே படமும் போட்டு, பிறகு அதில் ஒருவரையும் உட்கார விடாதவர் முக்காலி ஓவியர். சென்னை அடுக்ககங்களில் இவரைப் பரவலாகக் காணலாம். ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. பணி ஓய்வு பெற்ற மறு வாரமே தொடங்கிவிடுபவர்களும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் மாம்பழம் வரைந்து 'நன்று' வாங்கியிருந்தால் போதும், வேறு முன்னனுபவம் தேவையில்லை. நான்கு கால் இருந்தாலும் இவருக்கு அது முக்காலிதான். ஸ்டூல் என்றால் மதிப்பு இறங்கிவிடுமாம்.

முதல் ஸ்டூல் பெரும்பாலும் கோயிலுக்குப் போன இடத்தில் கிடைக்கிறது. பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு அப்படியே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைகிறார். அங்கே பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைக்காரர் ஆளைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு, "பர்மாத் தேக்கு சார்" என்கிறார். இவரும் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, விஷயம் தெரிந்தவர்போலத் தலையை ஆட்டுகிறார். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது உண்மைதான். ஆனால் சமையற்கட்டு ஸ்டூலுக்காக யாரும் ரங்கூனுக்குக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை. அது கொல்லையில் நின்ற வேம்பாகவோ மாவாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். திரும்பும் வழியில் நடத்துநர் அதற்கு லக்கேஜ் சீட்டுக் கிழிக்கிறார். ஸ்டூல் நான்கு காலையும் மேலே தூக்கியபடி இவர் மடியில் பயணம் செய்கிறது.

வீட்டில் வைத்ததும் அது ஆடுகிறது. மூன்று கால் உள்ளது எந்தத் தரையிலும் ஆடாது. எந்த மூன்று புள்ளியும் ஒரே தளத்தில் அமையும் என்பது வடிவியல். நான்காவது கால்தான் வம்பு. இவர் நீளமாகத் தெரிந்த காலைச் சற்று அறுக்கிறார். ஆட்டம் எதிர் மூலைக்கு மாறுகிறது. அதையும் அறுக்கிறார். இந்த நீதி வழங்கல் இரண்டு சுற்று நடந்தால் ஸ்டூல் மணையாகிவிடும். ஆசாரியைக் கேட்டால், பொருத்துத் தளர்ந்திருக்கிறது, பெவிகால் வைத்து இறுக்கிக் கட்டுங்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். ஆனால் ஆசாரியைக் கேட்பது கலைக்கு இழுக்கு.

அடுத்து உப்புத்தாள். முதலில் 80-ஆம் எண், பிறகு 120, கடைசியில் 220. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். பால்கனியில் மூன்று நாள் தேய்க்கிறார். கீழ்வீட்டு வடாம் நிறம் மாறுகிறது. இந்தக் கட்டத்தில் வீட்டார் போடும் சத்தத்தில் நியாயம் உண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் நிறைய இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. நனைத்துத் தேய்ப்பதும், முகக்கவசம் போடுவதும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதிருப்பதும் அவசியம். நம்மவர் முகக்கவசம் அணிவதென்னவோ உண்மை. அது தாடையில் இருக்கும்.

ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தபின் பிரைமர் பூசப்படுகிறது. அது ஒரு நாள் காய வேண்டும், ஐப்பசி அடைமழையில் இன்னும் கூட. இவர் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறார். இவருடைய எல்லாப் படைப்பிலும் கட்டைவிரல் ரேகை ஒன்று பதிந்திருப்பது இதனால்தான்.

பிறகு வண்ணம். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-இல் உருவாக்கிய சாக் பெயின்ட் என்ற மங்கலான பூச்சுதான் இவர் கனவு. தேய்க்காமல், பிரைமர் இல்லாமல் நேரே பூசலாம் என்பதே அதன் பெருமை. மூன்று நாள் தேய்த்து முடித்த பிறகே இவர் அதை டப்பாவில் படிக்கிறார். விலையையும் படித்துவிட்டு, சுவருக்கு அடித்து மீந்த எமல்ஷனில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கலக்கத் தீர்மானிக்கிறார். மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு சேர்த்தால் கட்டி தட்டாது. கரைத்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் கரண்டியோடு இறுகிவிடும். போன் வராத நாள் இவருக்கு இல்லை.

ஒருவழியாகப் பூசிக் காய்ந்து, ஸ்டூல் புதுமணப் பெண்போல நிற்கும்போது, இவர் மறுபடி உப்புத்தாளைக் கையில் எடுக்கிறார். விளிம்புகளில் பூச்சைச் சுரண்டி, அடிமரம் தெரியும்படி செய்கிறார். பழமைத் தோற்றம் என்பது இதற்குப் பெயர். "வாங்கிட்டு வந்தப்பவும் இப்படித்தானேடா இருந்துச்சு?" என்று வீட்டுப் பெரியவர் கேட்கிறார். இக்கேள்விக்கு இதுவரை விடை கிடைக்கவில்லை.

படத்துக்குப் பெரும்பாலும் வார்லி தேர்வாகிறது. மகாராஷ்டிரப் பழங்குடியினர் மண் சுவரில் அரிசி மாவால் எழுதும் இந்த ஓவியத்தில் மனித உடம்பு, முனையோடு முனை முட்டும் இரண்டு முக்கோணம். கண், மூக்கு வரையத் தெரியாதது இங்கே குறையாகாது. தார்ப்பா ஊதுபவரைச் சுற்றி ஆடும் வட்டமும் வட்டப் பலகைக்குப் பொருந்தி வரும். கோலம் போடத் துணிபவர் பாடுதான் கஷ்டம். ஏழு புள்ளி, நாலில் நிற்கும் இடுக்குப் புள்ளிக் கோலத்துக்கு இவர் பேரனின் காம்பஸை வைத்து ஒரு மணி நேரம் அளக்கிறார். தினமும் வாசலில் அதே கோலத்தை ஐந்து நிமிடத்தில் போடும் அம்மா, காபியை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார்.

மேலே எண்ணெய் வார்னிஷ் இரண்டு கை. அது நாளடைவில் மஞ்சளிக்கும் என்பதால், வார்லி ஆட்களுக்கு மெல்லக் காமாலை காண்கிறது.

இனி அந்த ஸ்டூலில் சூடான டம்ளர் வைக்கக் கூடாது. ஈரத்துணி படக் கூடாது. ஏறி நிற்பது பற்றிப் பேச்சே இல்லை. தெரியாமல் உட்கார்ந்த சம்பந்தி எழுந்து போகும்போது, வேட்டியில் நடனக்காரர் இருவர் உடன் போகிறார்கள். ஹாலில் ஒரு மணி பிளான்ட் மட்டும் அதன்மேல் உட்கார அனுமதி பெறுகிறது. அடுத்த ஸ்டூல் வந்து சேர்கிறது. அதற்கும் ஒரு செடி வாங்கப்படுகிறது.

நவராத்திரி வருகிறது. பரணிலிருந்து கொலுப் பொம்மை இறக்க வேண்டும். வீட்டில் ஸ்டூல் ஆறு இருந்தும் ஏறுவதற்கு ஒன்றில்லை. வீட்டார் தெருமுனைக் கடையில் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கி வருகிறார்கள். அதிலேயே ஏறிப் பொம்மை இறக்குகிறார்கள், ஃபேன் துடைக்கிறார்கள், ஒட்டடை அடிக்கிறார்கள், மின்சாரம் போனால் உட்கார்ந்து விசிறிக்கொள்கிறார்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காமல் உரிந்துவிடும் என்பதால் அது இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கென்றே தனிப் பிரைமர் கடைகளில் கிடைக்கிறது. தயவுசெய்து யாரும் இவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டாம்.