முட்டுச்சந்தில் நிற்பவருக்கு

குரூப்-4, குரூப்-1, வங்கித் தேர்வு என மூன்றுக்கும் படிக்கிறேன். ஒன்றிலும் நகரவில்லையே? – வாசகர், மன்னார்குடி

மூன்று பஸ்ஸுக்கும் ஒரே நேரத்தில் கை காட்டினால் எதில் ஏறுவீர்கள்? குரூப்-4க்கு ஒரே எழுத்துத் தேர்வு. குரூப்-1க்கோ முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று படிகள். எது முதலில் வருகிறதோ அதை எழுதி முடிக்கும்வரை மற்றப் புத்தகங்கள் பரணில் இருக்கட்டும்.

கல்லூரியில் இரண்டு தடவை தோற்றவன் இனி என்ன செய்வது? – வாசகர், கும்பகோணம்

உங்கள் ஊர்க்காரரையே கேளுங்கள்! கணிதமேதை ராமானுஜன் கும்பகோணத்திலும் எஃப்.ஏ. (அன்றைய இடைநிலைக் கல்லூரிப் படிப்பு) தேறவில்லை, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். கேம்பிரிட்ஜில் இரு கணிதவியலாளர்களுக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. 1913 ஜனவரியில் அங்கேயே இருந்த இன்னொரு கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. துறைமுகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். உங்கள் நோட்டைப் புரட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இல்லையென்றால் இந்த வாரமே ஒருவரைத் தேடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே குழப்பம்! – வாசகி, தேனி

நேற்று எங்கே நிறுத்தினீர்கள்?

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறேன். விட்டுவிடலாமா? – வாசகி, ஓசூர்

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாகக் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ் அறிவித்தது 1993 ஜூனில். அதில் ஓட்டை இருந்தது. ஓராண்டுக்கு மேல் திண்டாடினார். 1994 செப்டம்பரில் அதை அடைத்தது, அவர் முன்பே கைவிட்டிருந்த ஒரு முறை!

விடுவதாக இருந்தால் விடுங்கள், தவறில்லை. ஆனால் எந்த இடத்தில், ஏன் விட்டீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள்.