துக்கம் விசாரிக்க வேண்டாம்

கே: பிளஸ் டூ தொழிற்பிரிவில் என் மகள் ‘அலுவலக மேலாண்மையும் செயலியலும்’ படிக்கிறாள். “வேற குரூப் கிடைக்கலையா?” என்று உறவினர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். என்ன சொல்வது?
- ஒரு தாய், திண்டுக்கல்

ப: மனு கொடுத்துவிட்டு அவர்கள் நடையாய் நடக்கும்போது சொல்லுங்கள். வந்த தாளைப் பதிவேட்டில் ஏற்றி, எண்ணிட்டு, உரிய கோப்பில் சேர்த்து, கேட்ட நொடியில் எடுத்துத் தரும் வித்தையைத்தான் உங்கள் மகள் கற்கிறாள். அது தெரியாத அலுவலகத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தும் மனு நகராது! மேலே படிக்க பி.காம். இருக்கிறது. தட்டச்சை மட்டும் விட வேண்டாம். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை முடித்தவருக்கு குரூப் 4 தட்டச்சர் பணியில் முன்னுரிமை உண்டு. இன்றே பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள்.