சாவிக்கும் கதவுக்கும் என்ன சண்டை?

ரிமோட்டை வெளியே எடுக்காமலே, கைப்பிடியைத் தொட்டதும் கார் எப்படித் திறந்துகொள்கிறது? (பாபநாசம் வாசகர்)

கை பட்டதும் கைப்பிடிக்குள் இருக்கும் ஆன்டெனா சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் மெல்லக் குரல் கொடுக்கும். ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் அது கேட்காது. சட்டைப்பையில் தூங்கிக்கொண்டிருக்கும் சாவி விழித்து, இந்தியாவில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், தன் ரகசிய எண்ணைச் சொல்லும். காரின் கணினி அதைச் சரிபார்த்து, கதவுக்குள் உள்ள சின்ன மோட்டாரை ஓட்டும். பட்டனை அழுத்தித் திறக்கும்போது அந்த முதல் அழைப்பு கிடையாது. சாவி தானாகவே பேச்சைத் தொடங்கிவிடும்.

கோளாறு எங்கே என்று தெரிய இந்த வித்தியாசம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். பட்டனுக்குத் திறக்கிறது, தொட்டால் திறக்கவில்லை என்றால் கைப்பிடியைச் சந்தேகிக்கலாம். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் சாவியின் செல், அல்லது காரின் 12 வோல்ட் பேட்டரி. ‘டக்’ என்று சத்தம் கேட்டும் கதவு திறக்கவில்லை என்றால் லாக் மோட்டாரும் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரமும். இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ‘கம்ப்யூட்டர் போயிடுச்சு’ என்று ஆரம்பிக்கும் ஒர்க்‌ஷாப்பில் காரை விடுவதைவிடக் காரைப் பூட்டாமல் விடுவது மலிவு.

எந்தக் காரின் பூட்டு சிறந்தது? (வலங்கைமான்)

பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பது.

ரிமோட்டின் செல் வழியில் தீர்ந்துவிட்டால் என்ன கதி? (பட்டுக்கோட்டை வாசகர்)

பெரிய கதி ஒன்றுமில்லை. சாவியின் வயிற்றுக்குள் இரும்புச் சாவி ஒன்று இருக்கிறது. ஓரத்துக் கொக்கியைத் தள்ளினால் வெளியே வரும். டிரைவர் பக்கக் கைப்பிடியில், பல கார்களில் ஒரு சின்ன மூடிக்குள், அதற்கான துவாரம் ஒளிந்திருக்கும். அப்படித் திறந்ததும் அலாரம் அலறினால் ஆச்சரியமில்லை. தெருவே எழுந்து வந்து, சொந்தக்காரரைத் திருடனைப்போலப் பார்த்துவிட்டுப் போகும். உள்ளே உட்கார்ந்து சாவியை ஸ்டார்ட் பட்டன் மீதே வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். செல் இல்லாமலே காரிடம் மின்சாரம் கடன் வாங்கிப் பேசும் சிப் ஒன்று சாவிக்குள் உண்டு.

புதுச் செல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பல சாவிகளுக்குச் சிஆர்2032 வேண்டும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ‘2032 இல்லை சார், 2025 இருக்கு, அதே 3 வோல்ட்தான்’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது 2.5 மில்லிமீட்டர்தான். உள்ளே தொளதொளவென்று ஆடும், தட்டினால் வேலை செய்யும், தட்டாவிட்டால் செய்யாது. ‘சில நாள் திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை’ என்று எழுதுகிறவர்கள் முதலில் செல்லின் முதுகில் உள்ள எண்ணைப் படிக்கலாம்.

முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டினால் சரியாகுமா? (அய்யம்பேட்டை)

ஒரு பழத்தில் செம்பும் துத்தநாகமும் செருகினால் ஏறக்குறைய 1 வோல்ட் வரும். சாவிக்கு 3 வேண்டும்.

கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் காரின் நாலு கண்ணாடியும் இறங்கி, உள்ளே மழைத் தண்ணீர். பூட்டிவிட்டுத்தான் போனேன். யார் திறந்தது? (கும்பகோணம் வாசகர்)

வடைக்காக இலை மேல் குனிந்தவர்தான். வேட்டி மடிப்பு வெற்றிலைக்கும் பொடி டப்பிக்கும் தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக உழைத்த இடம், ரிமோட்டுக்கு ஏற்றதல்ல. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே பட்டன் மாட்டிக்கொள்கிறது. திறக்கும் பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்தினால் எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிடும் வசதி பல கார்களில் உண்டு. வெயிலில் நின்ற காரின் சூட்டை வெளியேற்ற வைத்த ஏற்பாடு அது. சாம்பார் வரைக்கும் ஆபத்தில்லை. ரசத்துக்குப் பிறகு வயிற்றின் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது, பாயசத்தில் உச்சம். மண்டப வாசலில் நிற்கும் கார் ரிமோட்டின் எல்லைக்குள்தான் இருக்கும். ஐப்பசி முகூர்த்தம் என்றால் மீதியை வானம் பார்த்துக்கொள்ளும். இந்த வசதியை நிறுத்திவைக்க முடிகிற கார்கள் உண்டு. முடியாத கார்க்காரர்கள் சாவியைச் சட்டைப்பைக்கு மாற்றலாம், அல்லது இரண்டாவது பாயசத்தை மறுக்கலாம்.

ரிமோட்டால் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் கார் தானே பூட்டிக்கொள்கிறது. வீட்டில் பரிகாரம் செய்யச் சொல்கிறார்கள். (திருவிடைமருதூர் வாசகர்)

திறந்தபின் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால் அரை நிமிடம்போலக் காத்திருந்து மறுபடி பூட்டிக்கொள்ளும்படி கார் செய்யப்பட்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு உள்ளே போகிறவர்களின் வீட்டில் பேய் நடமாட்டம் அதிகம் தெரியும்.

லீவுக்கு வந்த பேரன் உதிரிச் சாவியை அழுத்தி அழுத்தி விளையாடிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். இப்போது அந்தச் சாவியைக் கார் மதிப்பதே இல்லை. (மன்னார்குடி வாசகி)

கணக்குத் தப்பியிருக்கிறது. சாவி தினமும் ஒரே எண்ணை அனுப்பினால், தெருமுனையில் நிற்கும் எவரும் அதைப் பதிவு செய்து மறுநாள் திருப்பி ஒலிபரப்பிக் கதவைத் திறந்துவிடலாம். அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். சாவியும் காரும் தனித்தனியே எண்ணிக்கொண்டு வரும். இந்த வகையில் பேர்போன ‘கீலாக்’ முறை 1980-களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தது. 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது.

அதன் வழக்கமான நியாயம் இது. காருக்குக் கேட்காத தூரத்தில் சாவியை அழுத்தி, எண் 16-க்குள் முன்னே போயிருந்தால் மன்னிப்பு, உடனே திறக்கும். அதற்கு மேல் போனால் சந்தேகம் வந்துவிடும்; அடுத்தடுத்து இரண்டு எண்கள் ஒழுங்காக வந்தால்தான் ஒப்புக்கொள்ளும். இந்தச் சலுகைக்கும் 32 ஆயிரம் சொச்சத்தில் வரம்பு உண்டு. 50 நாள் லீவில் அந்த வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு 650 தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். பேரன்களின் திறமையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது என்றாலும், அதற்கு முன் செல் செத்துவிடும். ஆகவே புதுச் செல் போட்டு, கார் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்க்கலாம். மசியாவிட்டால் சாவியை மறுபடி பதிவு செய்ய வேண்டும். எல்லாக் கம்பெனிகளும் கீலாக் வைப்பதில்லை. எண்ணிக்கொண்டு வரும் யோசனை மட்டும் பொது.

தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலைப் பக்கம் நிறுத்தினால் மட்டும் ரிமோட் ஊமையாகிறது. விமானப்படைத் தளம்தானே காரணம்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்த சுகோய்-30 அணிக்கு வேறு வேலை இருக்கிறது. 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம், குறைந்த சக்தி என்றால் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். ஆகவே கேட் ரிமோட், ஒயர்லெஸ் காலிங்பெல் என்று பல கருவிகள் அங்கேயே குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பட்டன் அமுங்கி மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கத்தினால், அக்கம்பக்கத்துச் சாவிகள் பேசுவது எடுபடாது.

2019-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து நார்த் ஓம்ஸ்டட் என்ற ஊரில் வாரக்கணக்கில் கார்ச் சாவிகளும் கராஜ் கதவுகளும் படுத்துக்கொண்டன. பக்கத்தில் நாசா ஆராய்ச்சி மையம் வேறு இருந்ததால் கற்பனைக்குப் பஞ்சமில்லை. கடைசியில் அகப்பட்டது, மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் தெரிவிக்க ஒரு வீட்டுக்காரர் தானே செய்துகொண்ட கருவி. அது இடைவிடாமல் 315 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தது. அமெரிக்கச் சாவிகள் பலவற்றின் அலைவரிசையும் அதுவே.

காரை நூறு மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்த்து, அங்கே திறந்தால் சாவியில் குறையில்லை. குற்றவாளி காருக்குள்ளேயே இருப்பதும் உண்டு: மலிவு விலை டேஷ்கேம் சார்ஜர். அவசரத்துக்குச் சாவியைத் தாடையில் வைத்து அழுத்தினால் இன்னும் கொஞ்சம் எட்டும். தலைக்குள் உள்ள தண்ணீர் ஆன்டெனாவுக்குத் துணை போகிறது. தலையின் பயன்களில் இது பலருக்குத் தெரியாதது.

கழுவும்போது கார் டக் டக்கென்று தானே பூட்டித் திறக்கிறது. (திருவையாறு வாசகர்)

கழுவுகிறவரின் பையில் சாவி இருக்கிறது. கைப்பிடியில் உள்ள சென்சாருக்கு விரலும் தண்ணீரும் ஒன்றுபோலவே படும். சாவியை வீட்டுக்குள் வைத்தால் நின்றுவிடும். இதே சென்சார் மீது குரோம் உறை ஒட்டுவது இந்த ஜில்லாவைப் பிடித்த வியாதி. உலோகப் பூச்சு சென்சாரைக் குழப்பும்; கைப்பிடிக்கு எதற்கு நகை என்பது தனிக் கேள்வி. குரோம் உறைக்காரர்களின் மற்ற கேள்விகளுக்கு, உறையை உரித்த பிறகு பதில்.

சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து காருக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் இருக்கிறது. ஒருநாள் பின்கதவு மட்டும் பூட்டவில்லை. மறுநாள் ஹாரன் தானே அடித்தது. எலெக்ட்ரீஷியன் மாட்யூலையே மாற்றச் சொல்கிறார். (திருத்துறைப்பூண்டி விவசாயி)

மாட்யூலைத் தொடுவதற்கு முன் கேள்வியின் முதல் மூன்று சொற்களைப் பார்க்க வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்தால் வயலில் மறைவும் இல்லை, நெல்லும் இல்லை. வரப்பு வளையில் கதிர் சேர்த்துவைத்த எலி அடுத்த முகவரி தேடுகிறது. கொட்டகையில் நெல் மூட்டை, மூட்டையோரம் ஒரு கார், பானெட்டுக்குள் இதமான சூடு: மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். ஒயரின் உறை அதற்கு வாகு. உறை போன இரண்டு ஒயர்கள் உரசிக்கொண்டால் ஹாரன் அடிக்கும். ஒன்று அறுந்தால் ஒரு கதவு செத்துப்போகும். பனி ஈரத்தில் ஒரு மாதிரி, உச்சி வெயிலில் வேறு மாதிரி.

பானெட்டைத் திறந்து புழுக்கையும் உமியும் வைக்கோல் துணுக்கும் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஃபியூஸ் பெட்டி, டாஷ்போர்டின் அடிவயிறு, மிதியடிக்குக் கீழே ஓடும் ஒயர்க் கட்டு. பிறகு கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். அதற்குள் உள்ள ஒயர்கள் எலி இல்லாமலே, கதவைத் திறந்து திறந்து மூடியதில் முறியும். கதவைப் பாதி திறந்து, ரப்பரை அப்படியும் இப்படியும் வளைத்துக்கொண்டே லாக் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு வளைவில் வேலை செய்து மறு வளைவில் நின்றால் நோய் அங்கேதான். அறுந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கூலிக்கும் மாட்யூல் விலைக்கும் உள்ள தூரம், கல்லணைக்கும் பூம்புகாருக்கும் உள்ள தூரம்.

வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த அருமையான பொறி. தலையாட்டி பொம்மைக்குக் கிடைத்த புகழில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை. பானெட்டுக்குள் அதை வைக்க இடம் போதாது. ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பையே ஒயரில் சுற்ற விற்கிறது. மூட்டைகளைத் தள்ளி அடுக்குவதும் இரவில் பானெட்டைத் தூக்கி வைப்பதும் செலவில்லாத வழிகள்.

இரும்புச் சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேன் என்கிறது. (வேதாரண்யம் வாசகர்)

உப்புக்காற்று. 1930-இல் உப்பெடுக்க அங்கே வந்த ராஜாஜி, திருச்சியிலிருந்து நடந்தே வந்ததால் இந்தத் தொல்லைக்குத் தப்பினார். மாதம் ஒருமுறை இரும்புச் சாவியால் பூட்டித் திறந்து, அவ்வப்போது கிராஃபைட் பொடி போட்டால் துவாரம் இறுகாது. தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும்.

காலையில் கதவு முனகிக்கொண்டே திறக்கிறது. (நீடாமங்கலம்)

12 வோல்ட் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. நின்ற காரில் மீட்டர் 12.6 பக்கம் காட்ட வேண்டும்.

பின்கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்கவில்லை. (திருவாரூர்)

சைல்டு லாக், குழந்தை காலேஜுக்குப் போய்விட்டால் எடுத்துவிடலாம்.

சாவியைத் தொடாமலே காரைத் திருடுகிறார்களாமே? (தஞ்சாவூர் வாசகர்)

முடியும். வாசலில் ஒருவர், கார் பக்கத்தில் ஒருவர், இருவரிடமும் அலையைக் கடத்தும் கருவி. கார் கொடுக்கும் மெல்லிய குரல் வீட்டுக்குள் இருக்கும் சாவிவரை போகிறது. சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் 2011-லேயே 8 கம்பெனிகளின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். இரவில் சாவியை வாசல் ஆணியில் மாட்டாமல், இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் போடலாம். டப்பாவோடு கார் பக்கத்தில் போய்க் கைப்பிடியைத் தொட வேண்டும். திறந்தால் டப்பா உதவாது.

குழந்தை உள்ளே, சாவியும் உள்ளே, கார் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? (ஒரத்தநாடு வாசகி)

உதிரிச் சாவி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றால் கண்ணாடியை உடைக்க வேண்டும். மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுவதாகவும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுவதாகவும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு 2005-இல் கண்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

முன்கண்ணாடி இரட்டை அடுக்கு, எளிதில் வழிவிடாது. குழந்தைக்குத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில், கூர்மையான கனத்த பொருளால் அடிக்க வேண்டும். ஒருவர் அடிக்கும்போதே இன்னொருவர் 112-ஐயோ 108-ஐயோ அழைக்கட்டும்.

சாவி உள்ளே இருந்தால் கார் பூட்டிக்கொள்ளாது என்ற நம்பிக்கை பொதுவாகச் சரி. ஆனால் செல் பலவீனமாக இருந்தாலும், சாவி உலோகப் பெட்டிக்குள் கிடந்தாலும் காருக்கு அது தெரியாமல் போகலாம். வாசலில் பூட்டாமல் நிற்கும் கார் இன்னொரு ஆபத்து. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் இறந்தார்கள். வீட்டில் நிற்கும்போதும் காரைப் பூட்ட வேண்டும், சாவி குழந்தைக்கு எட்டக்கூடாது. விவரம் தெரிந்த குழந்தைக்கு, பின்கதவு திறக்காவிட்டால் முன்சீட்டுக்குத் தாவிக் கைப்பிடியை இழுக்கவும், அதுவும் முடியாவிட்டால் ஹாரனை விடாமல் அழுத்தவும் சொல்லிக்கொடுக்கலாம். பெரும்பாலான கார்களில் வண்டி அணைந்திருந்தாலும் ஹாரன் ஒலிக்கும்.