ஸ்டார் கட்டாத வீடு

கேள்வி: கடலுக்குப் போன அண்ணன் இலங்கைச் சிறையில். வாசலில் ஸ்டார் கட்டவே மனமில்லை. கோயிலில் 'நன்றி சொல்லுங்கள்' என்கிறார்கள். எதற்கு?
– ஒரு வாசகி, கோட்டைப்பட்டினம்

பதில்: ஸ்டார் கட்டாவிட்டால் குடி முழுகாது. முதல் கிறிஸ்துமஸில் கேக் ஏது? சத்திரத்தில் இடமில்லை, பிறகு ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓட்டம். ஜெபத்தோடு நன்றியையும் சேர்க்கச் சொன்ன பவுல், பிலிப்பியருக்கு அதை எழுதியது சிறையிலிருந்து. ஏசி அறையிலிருந்து அல்ல. முதலில் அழுது தீருங்கள். சங்கீதங்களில் புலம்பலுக்கா பஞ்சம்? 2021 ஜனவரியில் உங்கள் ஊரிலிருந்து போன ஒரு படகில் நால்வரும் உயிரோடு திரும்பவில்லை. அண்ணன் திரும்புவார், நன்றிக்கு அது போதும். படகைப் பிடித்தவர்களுக்கும் நன்றி சொல்லணுமா என்று மட்டும் கேட்காதீர்கள். அவ்வளவு பெரிய விசுவாசி நானில்லை!