அரசியல் கறை படாமல் ஓவியம் தீட்டுவது எப்படி?

தம்பி, மலாக்காவின் பாயா ரும்புட்டில் பிறந்தவன் ஓவியனாக வேண்டுமென்றால் முதல் வேலை ஊரை விட்டுக் கிளம்புவது. உள்ளூரில் கிடப்பவனுக்கு அனுபவம் போதாது என்பது கலையுலக ஐதீகம். மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினால் பயணக் கணக்கில் வராது; விமானம் ஏறு. பாரிசில் ஒரு பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு வா. புக்கிட் அசாஹான் பக்கம் மட்டும் போகாதே. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் 1967-இல் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். அதுவும் ஒரு பயணம்தானே என்று தூரிகையை எடுத்துவிடுவாய். அப்புறம் உன் கண்காட்சிக்கு ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) வர யோசிப்பார்.

கதை சொல்ல ஆசை வந்தால் மலாக்கா வீரன் ஹங் துவாவோடு நில். என்ரிக்கைத் தொடாதே. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த சமயம் மாலுமி மெகல்லன் இங்கே வாங்கிய அடிமை அவன். எசமானோடு மேற்கே போய், கப்பலில் உலகின் பெரும்பகுதியைச் சுற்றி வந்து, 1521-இல் மெகல்லன் பிலிப்பைன்சில் செத்த பிறகு ஏட்டிலிருந்தே காணாமல் போனான். மலாக்காவுக்குத் திரும்பியிருந்தால் உலகை முதலில் சுற்றியவன் அவனாகத்தான் இருக்கும். ஓவியர் அஹ்மாட் ஃபுவாட் ஒஸ்மான் அவனுக்கொரு நினைவகமே செய்து, 2016 சிங்கப்பூர் பியன்னாலேயில் வைத்தார். அதே ஓவியரின் வேறு நான்கு படைப்புகளை 2020-இல் தேசியக் கலைக்கூடம் கழற்றியது. உனக்கு மாட்டுவதற்கே சுவர் கிடைக்கவில்லை, கழற்றுவதைப் பற்றி ஏன் கவலை என்கிறாயா? அதுவும் சரிதான்.

வண்ணம் வாங்கும்போது சிவப்பில் கவனம். டச்சுச் சதுக்கத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பூசு. அங்கேயிருக்கும் ஸ்டாட்ஹைஸ் கட்டடம் வெள்ளையாக இருந்தது, 1911-இல் பிரிட்டிஷ் ஆட்சியில்தான் சிவப்பானது என்று எவனாவது சொன்னால் காதில் வாங்காதே. அரசாங்கம் பூசிய சாயம் அரசியலாகாது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும், குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) மட்டும் அந்த டியூபைத் திறக்காதே. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டதும், தோட்டத்துக் குடும்பங்கள் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் போனதும் பின்னாலேயே வந்து நிற்கும்.

தோட்டம் வரைந்தே தீருவேன் என்றால் ரப்பர் மரத்தை வரை. விடியல் பனி, பட்டையில் சரிந்திறங்கும் வெட்டு, மங்கில் சொட்டும் பால், வரவேற்பறைக்குக் கச்சிதம். மரத்தடியில் ஆள் வேண்டாம். ஆள் வந்தால் நெற்றியில் விளக்கு வரும். விளக்கு வந்தால் இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றது வரும். பெரட்டு வந்தால், மழை பெய்து வெட்டு நின்ற நாளுக்குச் சம்பளம் உண்டா என்று பார்ப்பவர் கேட்பார். ஆள் கட்டாயம் வேண்டுமென்றால் முதுகைக் காட்டி நிற்கட்டும். முதுகுக்கு வாய் கிடையாது.

கோவில் எப்போதும் பத்திரம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவிலை, அதே தெருவிலிருக்கும் பள்ளிவாசலோடும் சீனர் கோவிலோடும் சேர்த்து வரைந்து ‘நல்லிணக்கம்’ என்று பெயர் வை; காலண்டருக்கு வாங்கிக்கொள்வார்கள். தோட்டத்தை விற்று வீடமைப்புத் தாமான் கட்டியபோது தோட்டத்துக் கோவில் முனியாண்டி எங்கே போனார் என்று கேட்கும் படத்துக்குக் காலண்டரில் மாதமே இல்லை.

பிரதமர் முகத்துக்குக் கோமாளிச் சாயம் பூசாதே. வரைகலைஞர் ஃபாஹ்மி ரேசா அப்போதைய பிரதமர் நஜிப்புக்குப் பூசினார். 2018-இல் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கி, அபராதமும் குறைந்தது; ஆனாலும் ஒரு டியூப் சாயத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

கடைசியாகத் திறப்பு விழா. ‘உங்கள் ஓவியத்தில் அரசியல் உண்டா?’ என்று நிருபர் கேட்டால், ‘உணர்வுகளை மட்டுமே வரைகிறேன்’ என்று சொல்லிவிட்டு நாற்காலிகளைப் போய்ப் பார். நடு நாற்காலி எந்தக் கட்சிக்காரருக்கு, யாருக்கு முதலில் பொன்னாடை, பேனரில் யார் படம் பெரிசு என்பதையெல்லாம் ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடு. ஓவியங்களை அன்று காலையில் மாட்டிக்கொள்ளலாம்.