கொப்பி கெட்டிக்காரன்

கிளினிக்குக்கு முதல் நாள் இரவு நீ சீனிக் கொப்பி எழுதுற வடிவை நான் விறாந்தையிலை இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன், பேரா. மூண்டு மாதக் கணக்கு, ஒரே பேனை, ஒரே சாய்வு: 110, 118, 105. நிலாவெளிக் கலியாண வீட்டிலை கேசரிக்கு நாலு தரம் கை நீட்டின அண்டைக்கும் 112! உன்னைக் கச்சேரியிலை கணக்கெழுத விடலாம்.

டொக்டரம்மா கொப்பியைப் பாத்துச் சிரிச்சா. பிறகு எச்.பி.ஏ.1சி துண்டைப் பாத்தா, சிரிக்கேல்லை. ரெண்டு மூண்டு மாதமாச் சிவப்பணுவிலை ஒட்டின சீனியை அது காட்டிக் குடுக்கும். பேனையாலை திருத்தேலாது.

மீசை அரும்புற வயசிலை வளர்ச்சிச் சுரப்புகள் இன்சுலினை வடிவா வேலை செய்ய விடாது. அதாலைதான் ஊசி அளவு ஏறுது. மீசைக்கு வரி கட்டுறாய் எண்டு நினை. அதுக்கேன் கள்ளக் கணக்கு?

அம்மம்மா தாற பாவற்காய்ச் சாறைக் குடி, அவவுக்கும் ஒரு சந்தோசம். ஊசியை விட்டுட்டுக் குடிச்சியோ, ஆஸ்பத்திரிக் கட்டிலிலை சேலைன்தான். 1922 தையிலை டொரன்டோவிலை முதல் இன்சுலின் ஊசி வாங்கினவனும் 14 வயசுப் பொடியன்தான், லெனாட் தொம்சன். அதுக்கு முந்திப் பட்டினி போடுறதுதான் வைத்தியம். கேசரி மணக்கக்கூட விட்டிருக்க மாட்டாங்கள்.

மருந்தைக் கொப்பற்றை மீன் பெட்டி ஐசுக்குள்ளை செருகாதை; உறைஞ்சா வீண். மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ளை வெயிலிலையும் அவிக்காதை.

இன்னொண்டு. ஊசியைப் போட்டிட்டு, சாப்பிடாமல் உப்புவெளிக் கடற்கரையிலை பந்தடிச்சா, சீனி 70க்குக் கீழை இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும். சல்லி ஊர்ச் சனம் என்ன சொல்லும்? "அப்புவின்ரை பேரனெல்லோ, பின்னேரமே தொடங்கிட்டான்!" என்ரை மானத்துக்காண்டியாவது உன்ரை கூட்டாளி ஒருத்தனுக்குச் சொல்லி வை. மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியிலை கரைச்சுக் குடி, 15 நிமிசத்தாலை திரும்பக் குத்திப் பார். நினைவில்லாமல் கிடந்தா வாயிலை ஒண்டும் ஊத்த வேண்டாமாம், 1990 அம்புலன்சுக்கு அடிக்கட்டாம் எண்டும் அவனுக்குச் சொல்லு.

சீனிப் பொட்டலம் எப்பவும் உன்ரை பொக்கற்றிலை கிடக்கட்டும். என்ரை பிளேன்ரீக்குக் கேட்டா மட்டும் தராதை. கெஞ்சுவன், தராதை.